குடை வழக்கு

சட்டக் கல்லூரியில் நான் முதலில் கற்றுக்கொண்டது, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே தூங்குவது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒப்பந்தச் சட்ட வகுப்பு. பாடப் புத்தகத்தின் எல்லா உதாரணங்களிலும் அ என்று ஒருவரும் ஆ என்று ஒருவரும் வருவார்கள். அ தன் வீட்டை ஆவுக்கு விற்க ஒப்புக்கொள்வார். அன்றைக்கே வீடு தீப்பிடித்துவிடும். ஆ ஒரு குதிரையை வாங்குவார். அது முந்தைய நாளே செத்துப்போயிருக்கும். பாதித் தூக்கத்தில் நான் அவர்களுடைய ஊருக்கே போய்விடுவேன். அங்கே எல்லோருக்கும் ஓரெழுத்துதான் பெயர். எரிந்த வீடுகளுக்கும் செத்த குதிரைகளுக்கும் நடுவே, ஒருவர்மேல் ஒருவருக்குக் கோபமே இல்லாமல், கையெழுத்துப் போட்டபடி நடமாடிக்கொண்டிருப்பார்கள். எனக்கு அந்த ஊர் பிடித்திருந்தது. அங்கே யாரும் அழுது நான் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டில் நானும் அப்பாவும் மட்டும்தான். கீழே அப்பாவின் மூக்குக் கண்ணாடிக் கடை, மேலே நாங்கள். காலையிலிருந்து மாலைவரை கீழேயிருந்து ஒரே கேள்வி படியேறி வந்துகொண்டிருக்கும்: "இது தெளிவா, முன்னாடி போட்டது தெளிவா?" அப்பா சட்டை வாங்கப் போனாலும் அதே தொனியில்தான் கேட்பார். எனக்கு மூன்றரை வயதாக இருக்கும்போது அம்மாவும் அவரும் பிரிந்தார்கள். என்னை யார் வளர்ப்பது என்று வழக்கு நடந்தது. நான் அப்பாவிடம் வந்தேன். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை என்றே நினைத்திருந்தேன். காரணம், அப்பா அந்தக் கதையை எப்போதும் சந்தோஷமாகத்தான் சொல்வார்.

"ஜட்ஜ் ரூம்ல உன்னைக் கீழ இறக்கி விட்டாங்க. செருப்பைக் கால் மாத்திப் போட்டிருந்த. தடுக்கித் தடுக்கி நேரா எங்கிட்ட வந்து நின்ன. யாரும் சொல்லித் தரல. நீயே வந்த."

நீயே வந்த. இந்த இரண்டு வார்த்தைகளின்மேல்தான் எங்கள் வீடு நின்றது. காய்ச்சலில் நான் முனகினால் நெற்றியில் கை வைத்து அதைச் சொல்வார். கணக்கில் நான் கோட்டை விட்டபோதும் அதையே சொன்னார். கணக்குக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றவில்லை.

அம்மா வேறு ஊரில் இருந்தார். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை போன் செய்வார். நான் அப்பாவை நீ என்பேன், அம்மாவை நீங்கள் என்பேன்; மற்ற வீடுகளில் இது தலைகீழ். உடம்பு எப்படி, படிப்பு எப்படி என்று ஒரு படிவத்தை நிரப்புவதுபோல் கேட்பார். நானும் கட்டங்களுக்கு வெளியே போகாமல் பதில் சொல்வேன். மூன்றரை வயதில் ஒருத்தி செய்த காரியத்துக்காகப் பத்தொன்பது வருஷமாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாரே என்று எனக்கும் அவர்மேல் ஒரு கடுப்பு இருந்தது.

அந்த நாளைப் பற்றி எனக்கு எந்த நினைவும் இல்லை. எங்கே பார்த்தது என்று தெரியாத ஒரு மஞ்சள் வெளிச்சம் மட்டும் உண்டு. தலைக்கு மேலே, கைக்கெட்டும் உயரத்தில், மஞ்சளாக ஒரு வானம். அதன்மேல் பொட்டுப் பொட்டென்று ஏதோ விழும் சத்தம். தூக்கம் கவியும்போதெல்லாம் அந்த வானம் இறங்கி வரும். சின்ன வயதுக் கனவு ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

மூன்றாம் வருடம் குடும்பச் சட்டம் எடுத்தவரை நாங்கள் ஒத்திவைப்பு என்று அழைத்தோம். எந்தக் கேள்வி கேட்டாலும், "நல்ல கேள்வி, அடுத்த வகுப்பில் பார்க்கலாம்" என்பார். அந்த அடுத்த வகுப்பு இன்றுவரை வரவில்லை. அவர்தான் குடை வழக்கை எங்களுக்குச் சொன்னார். பிரிந்த பெற்றோரின் குழந்தை ஒன்று, நீதிபதி முன்னால், ஒருவர் கையிலிருந்த குடையைப் போய்ப் பிடித்துக்கொண்டதாம். அந்தக் குழந்தையின் விருப்பம் அதுதான் என்று நீதிபதி தீர்ப்பெழுதிவிட்டாராம். விருப்பத்தை எடுத்துச் சொல்லத் தெரியாத வயதில் செயலே விருப்பம் என்பது தத்துவம். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். நாங்கள் யாரும் முழுத் தீர்ப்பைப் படித்ததில்லை. சீனியர்கள் விட்டுப்போன குறிப்பில் அது இரண்டே வரி, பக்கத்தில் ஒரு குடைப் படம்.

பிறகு மாதிரி நீதிமன்றப் போட்டி வந்தது. ஆசிரியர்கள் நீதிபதிகளாக உட்காருவார்கள், மாணவர்கள் இரண்டு பக்கமும் நின்று வாதாடுவோம். கற்பனை வழக்கு ஒன்றைக் கொடுத்தார்கள்: குடை வழக்கைப் பின்பற்றி ஒரு குழந்தையைத் தந்தையிடம் ஒப்படைத்த தீர்ப்பு, அதன்மேல் தாயின் மேல்முறையீடு. எந்தப் பக்கம் என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்தார்கள். எனக்கும் என் கூட்டாளிக்கும் தாயின் பக்கம் விழுந்தது. குடை வழக்கே தவறு என்று நாங்கள் நிறுவ வேண்டும்.

என் கூட்டாளியின் பட்டப்பெயர் ஷரத்து. கேண்டீனில் டீ வாங்கித் தருகிறேன் என்றாலும், சர்க்கரை கம்மியாக இருக்கும்பட்சத்தில், ஆறுவதற்குள் வரும்பட்சத்தில் என்று நிபந்தனை போடுவாள். அவள் என்னை நூலகத்துக்கு அனுப்பினாள். மூலத் தீர்ப்பை எடுத்து வா, ஓட்டை இல்லாத தீர்ப்பே கிடையாது என்றாள்.

நூலகத்தின் இரண்டாம் மாடியில் பழைய தீர்ப்புத் தொகுதிகள் இருக்கும். காப்பிப்பொடி நிற அட்டை, முதுகில் வருடம். மதியம் மூன்று மணிக்கு அங்கே மின்விசிறியும் நானும்தான். ஜன்னல் வழியாக வந்த வெயில் ஒரு வருடத்திலிருந்து அடுத்த வருடத்துக்கு மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. தொகுதியை விரித்து, கன்னத்தில் கை வைத்து, வழக்கம்போல் அரைத் தூக்கத்தில் படித்தேன். பெயர்கள் மறைக்கப்பட்டிருந்தன. தாய் மனுதாரர், தந்தை எதிர்மனுதாரர். எதிர்மனுதாரர் மூக்குக் கண்ணாடிக் கடை நடத்துபவர் என்று இருந்தது. அட, அப்பா தொழில் என்று நினைத்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பினேன்.

"பெற்றோர் இருவரும் பேசவோ சைகை காட்டவோ கூடாது என எச்சரிக்கப்பட்டனர். காலணிகளை இடம் மாற்றி அணிந்திருந்தபோதிலும், குழந்தை தயக்கமின்றி நடந்து சென்று, எதிர்மனுதாரரின் கையிலிருந்த மஞ்சள் நிறக் குடையைப் பற்றிக்கொண்டு நின்றது. அதன்பின் அவ்விடம் விட்டு அகலவில்லை."

மூன்று தடவை படித்தேன். பிறகு மேசைக்குக் கீழே குனிந்து என் கால்களைப் பார்த்தேன். எதற்கு என்று கேட்டால் எனக்குத் தெரியாது. செருப்புகள் சரியாகத்தான் இருந்தன. வகுப்பில் எல்லோரும் கேட்டுச் சிரித்த கதையின் குழந்தை நான். குறிப்பேட்டின் ஓரத்தில் படமாக வரையப்பட்டிருந்த குடை என் தலைக்கு மேலே இருந்த மஞ்சள் வானம்.

முதலில் வந்தது பெருமை என்றால் நம்புவீர்களா? சட்டப் புத்தகத்தில் இருக்கிறேன், அப்பா சொன்னது வரிக்கு வரி உண்மை, நானே போயிருக்கிறேன். ஓடிப்போய் அவரிடம் காட்ட வேண்டும் என்றிருந்தது. ஆனால் மூன்று வருடப் படிப்பு சும்மா விடுமா? கை தானாகப் பென்சிலை எடுத்தது. ஷரத்து சொன்ன ஓட்டையைத் தேடி நான்காவது முறை படித்தேன்.

பதினொரு பக்கத் தீர்ப்பு. மழை பெய்ததைச் சொல்கிறது, குடையின் நிறத்தைச் சொல்கிறது. குடை யாருடையது என்று எங்குமே சொல்லவில்லை.

அப்பாவுக்குக் குடை பிடிக்காது. நனைந்துகொண்டே போய்வருவார். கண்ணாடியைத் துடைக்கத் தெரிந்தவனுக்கு மழை ஒரு பொருட்டா என்பார். எங்கள் வீட்டில் இன்றைக்கும் குடை கிடையாது. நான் மழைச் சட்டைதான் போட்டுக்கொள்கிறேன். அப்படியானால் அன்றைக்கு அவர் கையில் எப்படி ஒரு குடை, அதுவும் மஞ்சளில்?

அதற்குப் பிறகு வந்த பத்து நாட்களும் தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோல் நடந்தேன். பேருந்து ஜன்னலில், மாடிப்படித் திருப்பத்தில், தட்டில் விழுந்த விளக்கொளியில் மஞ்சள் திட்டு ஒன்று கூடவே வந்தது. ஒப்பந்தச் சட்ட ஊரில்கூட மழை பிடித்துக்கொண்டது. அவும் ஆவும் அறையின் இரண்டு மூலைகளில் வாய் மூடி நின்றார்கள். நடுவில் ஒரு சின்னப் பெண், பெயரே இல்லாதவள், யாரிடமும் போகாமல் நின்றாள்.

அப்பாவிடம் நேராகக் கேட்டிருக்கலாம். சாப்பிடும்போது எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். கேட்க வாய் வரவில்லை. பயம், வேறென்ன. அந்தக் குடை அம்மாவுடையது என்றால் நான் யாரிடம் போனேன்? நீயே வந்த என்ற இரண்டு வார்த்தைகளை உருவிவிட்டால் எங்கள் வீட்டில் என்ன மிஞ்சும்? சாம்பார் விடட்டுமா என்று அவர் கேட்டார். போதும் என்றேன்.

ஷரத்து வேறு வாதம் தயார் செய்திருந்தாள். மூன்றரை வயதுக் குழந்தைக்கு விருப்பத்தை முடிவு செய்யும் பக்குவம் இல்லை என்பது அது. பாதுகாப்பான வாதம், மதிப்பெண் நிச்சயம். குடை யாருடையது என்று கேட்கலாமே என்றேன். அவள் யோசித்தாள். ஆதாரம் இருக்கும்பட்சத்தில் கேட்கலாம், பதிவில் இல்லாததைப் பேசினால் பெஞ்சில் இருப்பவர்கள் தோலை உரித்துவிடுவார்கள் என்றாள். சரி, பக்குவம் என்றே போவோம் என்று முடிவு செய்தோம். எனக்கு அதில் ஒரு நிம்மதிகூட இருந்தது.

போட்டியன்று கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு அரங்கத்துக்குள் நுழைந்தபோது கடைசி வரிசையைப் பார்த்தேன். அப்பா உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, மடியில் கை. நான் கூப்பிடவில்லை. போன வாரம் கண்ணாடி மாற்ற வந்த ஷரத்து அவரிடம் தேதியும் நேரமும் சொல்லி, கடையை மூடும்பட்சத்தில் வரலாம் என்று அழைத்திருக்கிறாள். எதைப் பற்றிய வழக்கு என்று அவள் சொல்லவில்லை.

ஒத்திவைப்புதான் நடு நாற்காலியில் இருந்தார். நீதிமன்ற எழுத்தராக இருந்த மாணவன் முதலில் குடை வழக்கின் சாரத்தைப் படித்தான். கண்ணாடிக் கடை, மழை, மாற்றிப் போட்ட காலணி, மஞ்சள் குடை. படிக்கப் படிக்க அப்பா முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். அதைத் துடைக்கவில்லை, சும்மா கையில் வைத்துக்கொண்டார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு நான் வெறும் கறுப்பு நிழலாகத்தான் தெரிந்திருப்பேன்.

என் முறை வந்தது. பக்குவம் பற்றிய வாதம் என் கையில் ஆறு பக்கமாக இருந்தது. முதல் வரியைப் படிக்க வாயைத் திறந்தேன். வெளியே வந்தது வேறு.

"கனம் நீதிபதி அவர்களே, குழந்தை குடையைப் பிடித்ததாகத் தீர்ப்பு சொல்கிறது. தந்தையைப் பிடித்ததாகச் சொல்லவில்லை. அந்தக் குடை யாருடையது?"

பக்கத்தில் ஷரத்து என் கோட்டின் முனையை இழுத்தாள். ஒத்திவைப்பு முன்னால் சாய்ந்தார். அதற்குப் பதிவில் ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். பின் எதன் அடிப்படையில் கேட்கிறீர்கள் என்றார். கேட்டிருக்க வேண்டும், அந்த அறையில் இருந்த ஒருவர்கூடக் கேட்கவில்லை, அதுதான் அந்தத் தீர்ப்பின் பிழை என்றேன். அவரைப் பார்த்துத்தான் பேசினேன், ஆனால் குரல் கடைசி வரிசைவரை கேட்க வேண்டும் என்று பேசினேன். நல்ல கேள்வி, ஆனால் பதிவுக்கு வெளியே போக முடியாது என்று சொல்லி அவர் என்னை உட்காரச் சொன்னார்.

நாங்கள் தோற்றோம். மூன்று மதிப்பெண் வித்தியாசம். ஷரத்து என்னோடு இனிப் பேசுவதற்குப் பல நிபந்தனைகள் இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

அப்பா வாசலில் நின்றிருந்தார். இருவரும் நடந்தோம். மாலை வெயில் கடைக் கதவுகளின்மேல் கிடந்தது. தையற்கடை தாண்டியது, மருந்துக்கடை தாண்டியது. எங்கள் தெருமுனைக்கு வந்ததும் நின்றார்.

"உங்கம்மாவோடது," என்றார்.

அவராகவே சொல்லட்டும் என்று நின்றேன். அன்று அம்மாதான் என்னை அழைத்து வந்திருக்கிறார். ஈரக் குடையை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று வெளியே வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். கடைசியாக உள்ளே நுழைந்தவர் அப்பா. குடை அவருடையது என்று நினைத்த ப்யூன், இதையும் எடுத்துக்கொண்டு போ, வழியில் கிடக்கிறது என்று அதை அவர் கையில் திணித்துவிட்டான்.

"நீ வந்து குடையைப் பிடிச்ச. என் முகத்தை நிமிர்ந்துகூடப் பாக்கல. எனக்கு அப்பவே தெரியும். பேசக் கூடாதுன்னு ஜட்ஜ் சொல்லியிருந்தாரு. என் வாழ்க்கையில வேற எந்த உத்தரவையும் நான் அவ்வளவு ஒழுங்கா கடைப்பிடிச்சதில்ல."

அதோடு நிறுத்தியிருந்தால் நான் அவரை மன்னித்திருப்பேனோ என்னவோ. அவர் நிறுத்தவில்லை. பத்தொன்பது வருஷம் அடைத்து வைத்தது, வெளியே வந்துகொண்டே இருந்தது.

"வெளிய வந்ததும் குடையை அவகிட்டக் குடுத்துட்டேன். உன்னைத் தூக்கிக்கிட்டேன். நீ குடை போற பக்கமே கையை நீட்டி அழுத. மழையில நனையறதுக்கு அழறன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்."

அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு கோபம் எனக்குள் இருக்கிறது என்று அதுவரை எனக்கே தெரியாது. என் தலையை வாரிவிட்டவர், பரீட்சைக்குப் பென்சில் சீவிக் கொடுத்தவர், நான் தும்மினால் கடையை மூடிவிட்டு வருபவர். அவரை அடிக்க வேண்டும்போலவும் கட்டிக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. "நீ வீட்டுக்குப் போ, நான் வரேன்" என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு நடந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொள்ள மறந்து கையிலேயே வைத்திருந்தார்.

மருந்துக்கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து அம்மாவுக்குப் போன் செய்தேன். அன்று ஞாயிறு அல்ல, மாதத்தின் முதல் வாரமும் அல்ல. எடுத்ததும் என்ன ஆச்சு என்றுதான் கேட்டார்.

"குடை உங்களோடதுன்னு அப்பா சொல்லிட்டார்," என்றேன்.

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. நான் படிவத்துக்கு வெளியே போய்விட்டேன், இனி என்ன செய்வது என்று தெரியவில்லை. நீங்கள் ஏன் சொல்லவில்லை, மேல்முறையீடு ஏன் செய்யவில்லை என்று வக்கீல்போல் அடுக்கினேன். தன் வக்கீலிடம் சொன்னதாகவும், குடையை வைத்து வழக்காடினால் கோர்ட்டே சிரிக்கும் என்று அவர் சொல்லிவிட்டதாகவும் அம்மா சொன்னார். எங்கள் வகுப்பு சிரிக்கத்தான் செய்தது. நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன் என்று அவரிடம் சொல்லவில்லை.

"அந்தச் செருப்பை நான்தான் போட்டுவிட்டேன்," என்றார். "கை நடுக்கத்துல எது வலது, எது இடதுன்னு தெரியல. நீயே மாத்திப் போட்டுக்கிட்ட மாதிரி எழுதிட்டாங்க."

"குடையை எதுக்குப் போய்ப் பிடிச்சேன்?"

"நான் சொல்லிக் குடுத்ததுதான். கடைத்தெருவுல கூட்டமா இருக்கும். தொலைஞ்சு போயிட்டா அழாத, குடையைப் பிடிச்சுக்கிட்டு அசையாம நில்லு, அம்மா வந்துடுவேன்னு," என்றார். "நீ சொன்னபடியே நின்ன. நான்தான் வரல."

அவ்விடம் விட்டு அகலவில்லை என்று தீர்ப்பில் இருந்தது. அதை நான் விருப்பம் என்று படித்தேன், நீதிபதி விருப்பம் என்று எழுதினார், இத்தனை வருடமாக எத்தனையோ வகுப்புகள் அப்படித்தான் குறிப்பெடுத்தன. அந்தச் சின்னப் பெண் அம்மாவுக்காகக் காத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். தலைக்கு மேலே மஞ்சள் வானம் இல்லாமல், மடக்கிய ஈரக் குடையைப் பிடித்தபடி, சொன்ன பேச்சுக் கேட்டு நின்றிருக்கிறாள்.

"அம்மா, இன்னும் அங்கேயேதான் நிக்கறேன். நீ வா," என்றேன்.

நீ என்று சொல்லிவிட்டதை நான் சொன்ன பிறகுதான் கவனித்தேன். அவர் கவனித்தாரா என்று தெரியவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தமும், எதையோ தேடி இழுப்பறையைத் திறக்கும் சத்தமும் கேட்டன.

"காலையில ஆறு மணிக்கு ஒரு வண்டி இருக்கு," என்றார் அம்மா.